மலை சுருங்கும், தண்ணீர் சுருங்காது

ஜெர்மனியின் ஹாம்பர்க் துறைமுகத்தை ஒட்டி ஸ்பைஷர்ஷ்டாட் என்றொரு பகுதி. வாய்க்கால்களின் இரு கரையிலும் பழைய செங்கல் கிடங்குகள் வரிசையாக நிற்கும். ஒரு காலத்தில் காப்பிக்கொட்டையும் மசாலா மூட்டைகளும் அடுக்கி வைத்திருந்த இடம். அந்தக் கிடங்குகளில் ஒன்றின் மாடிகளில் இப்போது மலைகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். ஆல்ப்ஸ், ஸ்காண்டிநேவியா, இத்தாலி, அமெரிக்கப் பாலைவனம் எல்லாம் அங்கே சுருங்கி நிற்கின்றன. ஃபிரெடரிக் பிரௌன், கெரிட் பிரௌன் என்ற இரட்டைச் சகோதரர்கள் தொடங்கி 2001-ல் திறந்த மினியாட்டூர் வுண்டர்லாண்ட் இதுதான். உலகின் மிகப்பெரிய மாதிரி ரயில் என்று கின்னஸ் பதிவு பெற்றது. 15 கிலோமீட்டருக்கும் மேல் தண்டவாளம், ஆயிரத்துக்கும் மேல் ரயில்கள். 15 நிமிடத்தில் ஒரு முழுநாள் முடிந்துவிடும்; கூடத்தின் விளக்குகள் மங்க, கீழே லட்சக்கணக்கான குட்டி விளக்குகள் எரியத் தொடங்கும்.

ரயிலைப் பார்க்கத்தான் ஜனங்கள் வருகிறார்கள். ஆனால் ரயில் கடந்து போன பிறகும் அந்த இடத்தை விட்டு நகர மாட்டேன் என்கிறார்கள். பாறையைப் பார்க்கிறார்கள், புல்லைப் பார்க்கிறார்கள், பாலத்தடியில் துணி காயப்போட்டிருக்கும் விரல்நுனி அளவு மனுஷியைப் பார்க்கிறார்கள். ரயில் பெட்டியை ஆலையில் அச்சில் வார்த்துவிடலாம். நிலக்காட்சியைக் கைதான் செய்ய வேண்டும். ஒருவர் செய்த மலை மலையாகவே தெரிகிறது. இன்னொருவர் அதே பிளாஸ்டரையும் அதே பெயின்டையும் வைத்துச் செய்தது சுண்ணாம்புக் குவியலாகவே இருந்துவிடுகிறது. கைத்திறன் ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதற்கு முன்னால் இயற்பியல் நிற்கிறது. இயற்கையில் சில பொருள்கள் சுருங்கச் சம்மதிக்கும்; சில சம்மதிக்கவே சம்மதிக்காது. எது எந்த ரகம் என்று தெரிந்துகொள்வதுதான் இந்தக் கலையின் பாதி.

உலகம் முழுக்க அதிகம் புழங்கும் அளவு எச்ஓ எனப்படுவது: நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு. 1,435 மி.மீ. அகலமுள்ள நிலையான ரயில்பாதை இதில் 16.5 மி.மீ. ஆகிறது. 1.7 மீட்டர் மனிதன் இரண்டு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக நிற்பான். மணிக்கு 80 கிலோமீட்டரில் ஓடும் ரயில் இங்கே நொடிக்கு 25 சென்டிமீட்டர் நகர வேண்டும். பிள்ளைகள் கையில் கொடுத்தால் இதைப்போலப் பத்து மடங்கு வேகத்தில் விட்டு வளைவில் கவிழ்ப்பார்கள் என்பது வேறு விஷயம்.

நீளத்தை வகுப்பதுபோல எடையை வகுக்க முடியாது. நீளம், அகலம், உயரம் மூன்றும் சேர்ந்து சுருங்குவதால் எடையை 87-ஆல் மூன்று முறை வகுக்க வேண்டும். அதாவது ஆறரை லட்சத்துக்கும் மேல். 100 டன் எஞ்சின் 152 கிராம் ஆகிவிடும். அந்த எடைக்குச் சக்கரம் பிடிப்பில்லாமல் வழுக்கும் என்பதால், தயாரிப்பாளர்கள் உள்ளே உலோகக் கட்டி வைத்துக் கனமாக்குகிறார்கள். உருவத்தைப் பெருக்கினால் பரப்பும் கன அளவும் ஒரே விகிதத்தில் பெருகாது என்பதைக் கலிலியோ 1638-லேயே எழுதிவிட்டார். அவர் யோசித்தது ராட்சத எலும்புகளைப் பற்றி. மாதிரி ரயில்காரர்கள் அதே கணக்கை எதிர்த்திசையில் போடுகிறார்கள்.

தூரம் இன்னும் பெரிய தொல்லை. பத்து கிலோமீட்டர் பாதையை 87-ஆல் வகுத்தாலும் 115 மீட்டர் வருகிறது. யார் வீட்டில் அவ்வளவு பெரிய அறை இருக்கிறது? வீட்டில் அமைக்கும் மாதிரியில், அதாவது லேஅவுட்டில், பாதை அரை மீட்டர் ஆரத்தில் திரும்பும். நிஜத்தில் அது 43 மீட்டர் ஆரம். எந்த எக்ஸ்பிரஸும் அப்படிப்பட்ட வளைவில் நுழையாது. ஆகவே மலை வருகிறது, குகைப்பாதை வருகிறது, அடர்ந்த மரக்கூட்டம் வருகிறது. பாதையின் பொய்யான வளைவைப் பார்வையிலிருந்து மறைப்பதே இவற்றின் முதல் வேலை. அழகெல்லாம் அப்புறம்.

பாறையிலிருந்து தொடங்கலாம், அதுதான் நல்ல பிள்ளை. நிலவியலாளர்கள் பாறையைப் படம் எடுக்கும்போது பக்கத்தில் சுத்தியலோ நாணயமோ வைத்து எடுப்பார்கள். வைக்காவிட்டால், படத்தில் இருப்பது நூறு மீட்டர் செங்குத்துச் சரிவா, கையளவு கல்லா என்று அவர்களுக்கே தெரியாது. பெரிய விரிசலுக்குள் சின்ன விரிசல், அதற்குள் இன்னும் சின்னது என்று ஒரே பாணி எல்லா அளவிலும் திரும்பத் திரும்ப வருவதால் பாறைக்கு அளவு என்பதே இல்லை. பிரிட்டனின் கடற்கரை எவ்வளவு நீளம் என்று 1967-ல் பெனுவா மாண்டல்பிரோ கேட்ட பிரபலமான கேள்வியும் இந்தக் குணத்தைப் பற்றியதுதான். அளவுகோல் சிறுத்துக்கொண்டே போனால் கரை நீண்டுகொண்டே போகும். கணிதத்துக்குச் சிக்கலாக இருந்த இது மாதிரி செய்கிறவருக்கு வரமாகிவிட்டது. ஒரு கட்டி நிலக்கரியின் மேல் ரப்பர் பால் பூசி, காய்ந்ததும் உரித்தால் அச்சு தயார். அதில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஊற்றி எடுத்தால் கையில் ஒரு மலைமுகடு இருக்கும். நிலக்கரியை 87 மடங்கு பெரிதாக்கினாலும் பாறை போலவே தெரியும் என்பதால் யாரும் கண்டுபிடிக்க முடியாது.

பாறையின் அடுக்குகளில் தவறு செய்தால் மட்டும் கண் கண்டுபிடித்துவிடும். பாதைக்காக வெட்டிய மலையில் இடதுபுறம் அடுக்குகள் சரிந்திருந்தால் வலதுபுறமும் அதே கோணத்தில் சரிந்திருக்க வேண்டும். ஒரே மலையைத்தானே வெட்டினார்கள்! பார்ப்பவருக்கு நிலவியல் தெரியாது, ஆனால் ஏதோ உறுத்தும். அடிவாரத்தில் உதிர்ந்து கிடக்கும் சரளைக்கோ எந்தக் கவலையும் வேண்டாம். காய்ந்த மணலையோ பொடிக்கல்லையோ மேலிருந்து கொட்டினால் ஏறக்குறைய 35 பாகை சரிவில் அதுவாக நின்றுவிடும். குவியல் ஒரு சாண் இருந்தாலும் ஒரு பனை உயரம் இருந்தாலும் அந்தக் கோணம் பெரிதாக மாறாது. செய்கிறவர் கையை எடுத்துக்கொண்டால் போதும், ஈர்ப்புவிசையே சரியான மலைச்சரிவைக் கட்டித் தந்துவிடுகிறது.

கடைசியாக நிறம். நீர்த்த கறுப்பையும் பழுப்பையும் பிளாஸ்டர் மேல் ஓடவிடுவார்கள். அது பள்ளங்களில் தேங்கிக் காயும், மேடுகளில் வழிந்து போய்விடும். பிறகு ஏறக்குறைய காய்ந்த தூரிகையால் வெளிர்நிறத்தை முனைகளில் மட்டும் தேய்ப்பார்கள். மழையும் வெயிலும் ஆயிரம் வருஷம் செய்த வேலை ஒரு மாலைப்பொழுதில் முடிந்துவிடும்.

புல்லுக்கு வந்தால் கணக்கு உதைக்கிறது. 3 மி.மீ. அகலமுள்ள புல் இதழ் இந்த அளவில் 0.03 மி.மீ. தலைமுடியைவிட மெல்லியது. அப்படி லட்சம் இதழ் யார் வெட்டுவது? இங்கே நம் கண்ணின் பலவீனம் கைகொடுக்கிறது. நல்ல பார்வை உள்ளவரின் கண்ணும் ஒரு மீட்டர் தூரத்தில் ஏறக்குறைய 0.3 மி.மீ.க்குக் கீழ் இரண்டு புள்ளிகளைப் பிரித்தறியாது. லேஅவுட்டிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி நிற்பவர், அந்த உலகத்தின் கணக்கில் 87 மீட்டர் தள்ளி நிற்கிறார். அங்கிருந்து நிஜப் புல்வெளியைப் பார்த்தாலும் தனி இதழ் தெரியாது. இரண்டரை சென்டிமீட்டருக்குக் குறைந்த எதுவுமே தெரியாது. தெரிவதெல்லாம் ஒரு மென்மை, அடியில் இருட்டு, நுனியில் வெளிச்சம், ஓரத்தில் சிலிர்த்த கோடு. இதழைச் செய்ய வேண்டாம், இந்தச் சிலிர்ப்பைச் செய்தால் போதும்.

அதற்குப் பழைய வழி சாயம் தோய்த்த மரத்தூள். தூரத்திலிருந்து பார்த்தால் பாசி படிந்த தரை மாதிரி இருக்கும், அவ்வளவுதான். இப்போது மின்சாரம் அந்த வேலையைச் செய்கிறது. 2 முதல் 6 மி.மீ. நீள நைலான் இழைகளை உலோகச் சல்லடை உள்ள ஒரு கைக்கருவியில் போடுவார்கள். சல்லடையில் பல ஆயிரம் வோல்ட் மின்னழுத்தம். மின்னோட்டம் மிகமிகக் குறைவு. கருவியின் இன்னொரு கம்பி, தரையில் பூசிய ஈரப் பசையில் குத்திய ஆணியோடு இணைந்திருக்கும். குலுக்கினால் மின்னேற்றம் பெற்ற இழைகள் பசையை நோக்கிப் பாயும். மின்புலக் கோடுகள் ஈரமான, மின்கடத்தும் பரப்பில் செங்குத்தாகவே முடியும் என்பதால், அந்தக் கோடு வழியே வரும் இழையும் செங்குத்தாகவே பசையில் குத்தி நிற்கும். ஒரே மின்னேற்றம் உள்ளவை ஒன்றையொன்று தள்ளுவதால் ஒட்டிக்கொண்டு கற்றையாகவும் விழாது. சில நொடிகளில் உள்ளங்கை அளவு நிலம் சிலிர்த்து எழுவதைப் பார்ப்பது ஒரு தனி சுகம். ஸ்டாட்டிக் கிராஸ் என்று பெயர். கடைக் கருவி விலை அதிகம் என்று, கொசு அடிக்கும் மின்மட்டையின் சுற்றையும் ஒரு இரும்பு டீ வடிகட்டியையும் இணைத்துத் தாங்களே செய்துகொள்கிறவர்கள் உண்டு. மின்சாரம் தெரிந்தவர்கள் மட்டும் கைவைக்க வேண்டிய வேலை.

மரங்களுக்கு இயற்கையே பாதி வழி வந்து நிற்கிறது. மரத்தின் எந்த உயரத்திலும் கிளைகளின் பருமனையெல்லாம் கூட்டினால் அடிமரத்தின் பருமன் வரும் என்று லியனார்டோ டா வின்சி தன் குறிப்பேட்டில் எழுதி வைத்தார். கம்பிகளை முறுக்கி மரம் செய்கிறவர், தெரிந்தோ தெரியாமலோ, அந்த விதியைத்தான் பின்பற்றுகிறார். நாற்பது இழைக் கம்பியை அடியில் மொத்தமாக முறுக்கி, மேலே இருபது இருபதாகப் பிரித்து, பிறகு பத்துப் பத்தாகப் பிரித்துக்கொண்டே போனால், கூட்டுத்தொகை எப்போதும் நாற்பதுதான். கம்பி வேண்டாம் என்பவர்கள் காய்ந்த பூங்கொத்துகளையும் செடிகளின் விதைத்தண்டுகளையும் பயன்படுத்துகிறார்கள். கிளைக்கும் பாணி சின்னச் செடியிலும் பெரிய மரத்திலும் ஒத்துப்போவதால் அவை அப்படியே மரமாக நிற்கும். நம் வீடுகளில் நவராத்திரிக் கொலுவுக்குப் பார்க் கட்டுகிறவர்கள் கடுகைத் தூவி முளைக்க வைத்து வயல் ஆக்குவதும் இந்தச் சாமர்த்தியம்தான்.

கொலுவில் குளத்துக்கு என்ன வைப்பார்கள்? பெரும்பாலும் கண்ணாடி. அனுபவம் சொல்லிக்கொடுத்த சரியான விடை அது. தண்ணீர்தான் சுருங்க மறுக்கும் பொருள்களில் முதன்மையானது.

நீரின் மேற்பரப்பு ஒரு தோல்போல இழுத்துப் பிடித்திருக்கிறது. அந்தப் பரப்பு இழுவிசையும் ஈர்ப்புவிசையும் சமபலத்தில் மோதும் அளவு சுமார் 2.7 மி.மீ. அதைவிடச் சிறிய இடத்தில் தோல் ஜெயிக்கும், பெரிய இடத்தில் எடை ஜெயிக்கும். நமக்கு அது ஒரு துளியின் பருமன். லேஅவுட்டில் வாழும் இரண்டு சென்டிமீட்டர் மனிதனுக்கோ 23 சென்டிமீட்டர். அவன் ஊர் ஓடையில் நிஜத் தண்ணீரை விட்டால், ஒவ்வொரு துளியும் அவன் தலையளவு உருண்டு நிற்கும். கரையோரம் நீர் அவன் கணுக்காலுக்கு மேல் வளைந்து ஏறும். அலைகளும் அப்படியே. 1.7 சென்டிமீட்டருக்குக் குறைந்த நீளமுள்ள சிற்றலைகளை ஈர்ப்பைவிட இழுவிசையே அதிகம் ஆள்கிறது. அந்த மனிதனுக்கு அது ஒன்றரை மீட்டர் அலை.

நேரமும் ஒத்துவராது. நிஜத்தில் பத்து மீட்டர் அருவியிலிருந்து விழும் நீர் தரையைத் தொட 1.4 நொடி ஆகும். 87-ல் ஒரு பங்கு அருவியில் 0.15 நொடிதான். நீளம் 87 மடங்கு குறைந்தால் விழும் நேரம் அதன் வர்க்கமூலம் அளவுக்கு, அதாவது ஒன்பது மடங்குக்குச் சற்று மேல் குறைகிறது. கப்பல் மாதிரிகளைத் தொட்டியில் இழுத்துச் சோதித்த வில்லியம் ஃபுரூட் வகுத்த கணக்கு இது. பழைய சினிமாக்காரர்கள் மாதிரிக் கப்பலைப் புயலில் மூழ்கடிக்கும்போது கேமராவை வேகமாக ஓட்டிப் படம் எடுத்து, மெதுவாகக் காட்டியதும் இதனால்தான். நேரில் பார்ப்பவருக்கு அப்படி மெதுவாக்கிக் காட்ட முடியாதே!

ஹாம்பர்க்கில் இருப்பவர்கள் பிடிவாதக்காரர்கள். ஸ்காண்டிநேவியப் பகுதியில் சுமார் 30,000 லிட்டர் நிஜத் தண்ணீரில் கடல் செய்து, அதில் கப்பல் விட்டிருக்கிறார்கள். கப்பல் ஓடுவது பார்க்க அருமை. ஆனால் அந்தக் கடலைவிட, வேறு லேஅவுட்களில் பிசினால் செய்த அசையாத ஏரிதான் என் கண்ணுக்கு அதிகம் தண்ணீராகத் தெரிகிறது. அதைச் செய்யும் முறை எளிது. ஆற்றுப்படுகையை நடுவில் கரும்பச்சையாகவும் கரையில் மண்நிறமாகவும் தீட்டுவார்கள். ஆழம் என்பது பெரும்பாலும் இந்த நிறமாற்றம்தான். அதன்மேல் தெளிந்த பிசினை மெல்லிய படலங்களாக ஊற்றுவார்கள், அல்லது பளபளப்பான வார்னிஷை மட்டும் பூசுவார்கள். வானத்தைப் பிரதிபலிக்க ஒரு மி.மீ. பளபளப்பு போதும். அருவிக்கு சிலிகான் பசையை இழை இழையாக இழுத்துக் காயவைத்து, நுனியில் வெள்ளை தொட்டுத் தொங்கவிடுவார்கள்.

தண்ணீரின் இந்த முரட்டுத்தனம் எதிர்பாராத இடத்திலும் தலைகாட்டும். தண்டவாளத்தடி ஜல்லி நிஜத்தில் பெரும்பாலும் 65 மி.மீ.க்குள் இருக்கும்; இங்கே முக்கால் மி.மீ.கூட இல்லை. அதை ஸ்லீப்பர் கட்டைகளுக்கு இடையில் பரப்பி, நீர்த்த வெள்ளைப் பசையைச் சொட்டினால், சொட்டு உள்ளே இறங்காமல் தூசி போர்த்துக்கொண்டு உருண்டையாகி, ஜல்லியையும் வாரிக்கொண்டு உருளும். பாத்திரம் துலக்கும் சோப்புத் திரவம் ஒரு துளி கலந்தால் இழுவிசை பாதிக்கும் கீழே இறங்கிவிடும். பசை சத்தமில்லாமல் உறிஞ்சப்படும். முதன்முறை பாதை போடுகிறவர்கள் எல்லோரும் இந்தச் சோப்புத் துளியைப் பற்றித் தெரிந்துகொள்வது ஒருமுறை நாசமான பிறகுதான்.

காற்றும் சுருங்காது. சொல்லப்போனால் லேஅவுட்டில் காற்றே போதாது. பத்து கிலோமீட்டர் தள்ளி இருக்கும் மலை நமக்கு நீலமாக, வெளிறித் தெரிவதற்கு இடையிலுள்ள காற்று காரணம். காற்றின் மூலக்கூறுகள் சிவப்பு ஒளியைவிட நீல ஒளியை நான்கு மடங்குக்கும் மேல் சிதறடிக்கின்றன. அப்படிச் சிதறிய நீலம் மலைக்கும் நமக்கும் நடுவில் திரையாக விழுகிறது. லேஅவுட்டின் பின்சுவரோ தண்டவாளத்திலிருந்து அரை மீட்டர். அங்கே எந்தத் திரையும் விழாது. எனவே அந்தக் காற்றைத் தூரிகையால்தான் நிரப்ப வேண்டும். பின்னால் போகப்போகப் பச்சையில் நீலமும் வெள்ளையும் கலந்து, நிழலின் கருமையைக் குறைத்துக்கொண்டே போவார்கள். ஓவியத்தில் இந்த விதியை விளக்கி எழுதியதும் அதே லியனார்டோதான்.

இப்படிக் கண்ணை ஏமாற்றுவதில் மிகத் தேர்ந்தவர் கலிஃபோர்னியாவின் மான்டெரேயில் வாழ்ந்த ஜான் ஆலன். தொழில் புகைப்படக் கலை. வீட்டின் கீழ்த்தளத்தில் அவர் கட்டிய லேஅவுட்டின் பெயரை வேகமாகச் சொன்னால் 'ரத்தம் தோய்ந்து தோற்றது' என்ற பொருளில் ஆங்கிலச் சிலேடையாக ஒலிக்கும். ஆளின் குறும்பு அப்படி. பெட்டிகளை இடம்மாற்றும் எஞ்சினுக்குப் பதிலாக எம்மா என்ற டைனோசர் பொம்மையை நிறுத்தியவர். மலைகளைத் தரையிலிருந்து கூரைவரை எழுப்பினார். மூலைகளில் முகம் பார்க்கும் கண்ணாடிகளை ஒளித்து வைத்துப் பாதி ஊரை முழு ஊராக்கினார். எஞ்சினும் கட்டடமும் புத்தம் புதிதாகப் பளபளத்த காலத்தில் அவற்றுக்குத் துருவும் கரியும் அழுக்கும் பூசிக் காட்டி, வெதரிங் என்ற பழக்கம் பரவ அவர் பெரிய காரணமானார்.

அழுக்கிலும் அறிவியல் இருக்கிறது. சக்கரம் உரசுவதால் தண்டவாளத்தின் தலை மட்டும் மின்னும். பக்கங்கள் துருப்பிடித்துப் பழுப்பாகவே இருக்கும். ரயில்கள் பிரேக் போடும் இடத்தில் இரும்புத்தூள் படிந்து ஜல்லி செம்பழுப்பாகும். எஞ்சின் நிற்கும் இடத்தில் எண்ணெய்க் கறை. குகைவாயிலின் உச்சியில் கரி. எங்கே அழுக்கு சேரும் என்பதற்குக் காரணம் தெரியாமல் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி பழுப்பு அடித்தால், அது அழுக்காகத் தெரியாது; அழுக்குநிறப் பெயின்டாகத் தெரியும். ஆலன் 1973 ஜனவரியில் இறந்தார். சில நாட்களிலேயே ஏற்பட்ட தீயில் அந்த லேஅவுட்டும் போய்விட்டது. இன்று நமக்கு மிஞ்சியிருப்பவை பெரும்பாலும் அவர் எடுத்த படங்கள்.

படங்களில் அது நேரில் பார்ப்பதைவிட நிஜமாகத் தெரிந்திருக்கும் என்று தாராளமாகச் சொல்லலாம். காரணம், மாதிரியில் சுருங்காத கடைசிப் பொருள் பார்க்கிறவரின் தலை. நம் இரண்டு கண்களுக்கும் இடையே ஆறு சென்டிமீட்டருக்குச் சற்று மேல் இருக்கும். லேஅவுட் உலகத்தில் அது ஐந்தரை மீட்டர். கண்மணியின் மூன்று மி.மீ. துளை 26 சென்டிமீட்டர். ஐந்தரை மீட்டர் இடைவெளியில் கண்கள் அமைந்த ஒரு ராட்சதன், மூன்றாம் மாடி ஜன்னல் உயரத்துக்கும் மேலே நின்று பார்த்தால் எந்த ஊரும் பொம்மை ஊராகத்தான் தெரியும். இரு கண்களும் காணும் காட்சியின் வேறுபாட்டை வைத்து மூளை தூரத்தை அளந்து, 'இது கைக்கெட்டும் பொருள்' என்று காட்டிக் கொடுத்துவிடுகிறது. கேமராவுக்கு ஒற்றைக் கண். அதன் துளையையும் சின்னதாக்கிவிட்டால் முன்னும் பின்னும் எல்லாம் தெளிவாக விழும்.

எனவே எங்காவது மாதிரி ரயில் பார்க்க வாய்த்தால், மேலிருந்து பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். முட்டி போட்டு உட்கார்ந்து, கண்ணை அந்தத் தரைக்கு இரண்டு சென்டிமீட்டர் உயரத்துக்குக் கொண்டுவந்து, ஒரு கண்ணை மூடிக்கொள்ளுங்கள். பக்கத்தில் நிற்பவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும். தானே செய்து பார்க்க ஆசைப்படுகிறவர்கள் எஞ்சின் விலையைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். ஒரு அடி அட்டை, ஒரு கட்டி நிலக்கரி, கொஞ்சம் ரப்பர் பால், பிளாஸ்டர், பெயின்ட், வெள்ளைப் பசை, ஒரு துளி சோப்பு போதும். முதலில் மலையைச் செய்யுங்கள், ரயிலை அப்புறம் வாங்கிக்கொள்ளலாம்.